காலையில் ஆபீஸ், மத்தியானம் காலேஜ்!

“உங்க பெரிய பொண்ணு என்ன வேலை பார்க்கிறா?” என்று யாராவது கேட்டால், ரொம்ப நாள் வரை எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. “பி.ஆர்.ல இருக்கா” என்பேன். எதிர்வீட்டு அம்மாள், “ஓ, ரிசப்ஷன்ல உட்கார்ற வேலையா?” என்பார். என் ஓரகத்திக்கோ பி.ஆர்.ஓ. என்றால் சினிமாதான். “சினிமாவுக்கெல்லாமா வயசுப் பொண்ணை அனுப்பறே?” என்று முகவாயில் கை வைத்துக் கொண்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் பி.ஆர்.ஓ.வாக இருந்ததிலிருந்து நமக்கெல்லாம் அந்த மூன்று எழுத்து படத்தின் டைட்டிலில் வருவதுதானே! கலெக்டர் ஆபீஸிலும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவர் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆகவே என் மகள் எனக்கு மாவுக் கணக்கில் சொல்லிக் கொடுத்தாள்.

“அம்மா, நம்ம தெரு முனையில புதுசா ஒரு இட்லி மாவுக் கடை வருது. கடைக்காரர் காசு கொடுத்து நோட்டீஸ் அடிச்சா அது விளம்பரம். நீ வாங்கிப் பார்த்துட்டு நாலு பேர்கிட்ட ‘மாவு நல்லாயிருக்கு’ன்னு சொன்னா அதுக்கு மதிப்பே வேற. அப்படி நீ சொல்ற மாதிரி கடைக்காரரை நடந்துக்க வைக்கறதும், விஷயத்தைச் சரியான ஆள்கிட்ட கொண்டு போய்ச் சேர்க்கறதும்தான் எங்க வேலை.”

“மாவு புளிச்சிருந்தா?”

“அதையும் கடைக்காரர்கிட்ட முதல்ல நாமதாம்மா சொல்லணும். அதுதான் கஷ்டம்.”

அந்தக் கஷ்டம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவளுக்கும்தான்.

2022-ல் பி.காம். முடித்ததும் “எம்.ஏ. கம்யூனிகேஷன் சேரப் போறேன்” என்றாள். பாங்க் பரீட்சை எழுதுவாள் என்று நினைத்துக் கொண்டிருந்த என் கணவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. நான் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. வகுப்பு மத்தியானம் ஒன்றரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும். காலையில் எனக்குக் காய் நறுக்கித் தருவாள், பாட்டிக்குக் காலில் தைலம் தேய்ப்பாள், தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவாள்.

2023 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு பி.ஆர். கம்பெனிக்கு ஒரு மாசம் பயிற்சிக்குப் போனாள். மாசம் முடிந்ததும் அவர்கள், “காலை ஏழிலிருந்து பன்னிரண்டரை வரை வா, பதினைந்தாயிரம் தருகிறோம், படிப்பு முடிந்ததும் முழு நேரம் எடுத்துக் கொள்கிறோம்” என்றார்கள். காலையில் ஆபீஸ், மத்தியானம் காலேஜ். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!

நடந்ததைக் கேளுங்கள். விடிகாலை நாலே முக்காலுக்கு அலாரம். குரோம்பேட்டையில் ஆறு மணி ரயில். ஏழு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்தால் தமிழ், இங்கிலீஷ் பத்திரிகைகள் அத்தனையும் பக்கம் பக்கமாகப் பார்த்து, எந்தக் கம்பெனியைப் பற்றி எங்கே என்ன வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டு எட்டரைக்குள் அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் செய்திக் குறிப்பு எழுதுவது. பிறகு நிருபர்களுக்குப் போன். காலையில் பேசினால் அவர்கள் பேசுவார்கள். சாயந்தரம், பக்கம் முடிக்கிற நேரத்தில் கூப்பிட்டால் கடித்துக் குதறிவிடுவார்களாம்! பன்னிரண்டரைக்கு ‘இதோ கிளம்புகிறேன்’ என்றால் யார் விடுகிறார்கள்? ஒரு மணிக்கு ஓட்டமாக ஓடி, கையில் ஒரு பஃப்ஸும் டீயுமாக வகுப்பில் நுழைவாள். வீட்டுக்கு வர ஏழரை. அதற்குப் பிறகு காலேஜ் அசைன்மென்ட். அதற்கு நடுவே போன் அடித்துக் கொண்டே இருக்கும். நமக்குக் கரண்டி எப்படியோ அப்படி அந்த வேலைக்குப் போன். கீழே வைக்க முடிவதில்லை.

நானும் என் பங்குக்குச் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். ஏழரைக்கு வந்தவளை, “அந்த நாலு பாத்திரத்தைத் தேய்ச்சுடேன்” என்பேன். பிளஸ் ஒன் படிக்கிற பையன் சோபாவில் படுத்திருப்பான்; அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. என் அம்மா எனக்குச் சொன்னது, நான் அவளுக்குச் சொன்னேன். அவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு நாள் ஸ்டேஷன் படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்துக் கூட்டி வந்து விட்டார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ‘உப்புத் தண்ணி’ என்று தண்ணீர் மேல் பழி போட்டிருந்தேன். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.4! பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

“காலையில என்ன சாப்பிடறே?” என்றார் டாக்டரம்மா.

“காபி.”

“அப்புறம்?”

“ஆபீஸ்ல டீ.”

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு விழுங்கினால் பாதி வீண். அவற்றுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் மாதிரி புளிப்போடு சாப்பிட்டால் நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து பயந்து நிறுத்தக் கூடாது. எண்ணிக்கை 12 வந்த பிறகும் இரண்டு மூன்று மாசம் தொடர வேண்டும், அப்போதுதான் உள்ளே கையிருப்பு நிரம்புமாம். முருங்கைக் கீரை நல்லதுதான், ஆனால் 8.4-ஐ முருங்கைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது. மாதவிலக்கு அதிகம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார்.

அதே வாரம் காலேஜிலிருந்து இன்னொரு இடி. வருகைப் பதிவு 68 சதவீதம். 75 இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் டாக்டர் சர்டிபிகேட்டோடு அபராதம் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வீட்டில் பஞ்சாயத்து கூடிற்று. “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் எதுக்கு?” என்று என் மாமியார் ஆரம்பித்தார். “வேலையை விடு. உடம்பைத் தேத்திக்கிட்டு படிப்பை முடி” என்றேன் நான். இவர் நேர்மாறாக, “படிப்பை விடு. படிச்சு என்ன வேலை கிடைக்கப் போகுதோ அந்த வேலைதான் இப்பவே கிடைச்சாச்சே! அப்புறம் எதுக்கு எம்.ஏ.?” என்றார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அவள் அழவில்லை. “மார்ச் வரைக்கும் டைம் கொடுங்க. அதுக்கப்புறம் எதை விடறதுன்னு நானே சொல்றேன்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். காலை ஐந்தரைக்கு ஒரு பிளாஸ்க் கேழ்வரகுக் கஞ்சியும் ஒரு டப்பா சுண்டலும் தயாராக இருக்கும். ரயிலில் குடித்துவிட்டேன் என்று அவள் போன் செய்தால்தான் எனக்கு நிம்மதி. பாத்திரம் பையன் தலையில் விழுந்தது. இரண்டு டம்ளர் உடைத்தான், போகட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அவள் போன் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கும். மாமியார்தான் காவல். “பிள்ளையார் எடுக்கச் சொன்னா எடுத்துத் தரேன்” என்பார்.

ஆபீஸில் அவளே பேசினாள். பரீட்சைத் தேதிகளை இரண்டு மாசம் முன்பே எழுத்தில் கொடுத்து, எந்தெந்த நாள் வர முடியாது, அந்த நாட்களில் தன் வேலையை யாரோடு மாற்றிக் கொள்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். வாயால் கேட்டபோது ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றவர்கள், எழுதிக் கொடுத்ததும் சரி என்று விட்டார்கள். பன்னிரண்டரைக்கு எழுந்திருப்பதும் அதில் ஒரு வரி. அதைச் சொல்ல அவளுக்கு ஐந்து மாசம் ஆகியிருக்கிறது!

எல்லாவற்றிலும் பெரிய உதவி, அவளுடைய புரொபசர் சொன்ன ஒரு யோசனை. கடைசி செமஸ்டரில் ஆய்வேடு எழுத வேண்டும். “புதுசா ஒண்ணைத் தேடி ஓடாதே. தினம் காலையில நீ பண்றியே, அதையே ஆராய்ச்சி பண்ணு” என்றாராம். ஆபீஸில் அனுமதி வாங்கி, கம்பெனிப் பெயர்களை மறைத்து, மூன்று மாசச் செய்தித் துணுக்குகளைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. பேப்பரில் விளம்பர இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள். பி.ஆர்.காரர்கள், வந்த செய்தியை அளந்து அந்த விலையால் பெருக்கி, ‘பாருங்கள், இத்தனை லட்ச ரூபாய் இடம் உங்களுக்குச் சும்மா கிடைத்தது’ என்று கம்பெனிக்குக் காட்டுவார்களாம். ரவிக்கை தைக்கிற இஞ்ச் டேப்பை எடுத்துக் கொண்டு நான் அளக்க, அவள் எழுத, டிசம்பர் முதல் வாரம் வரை இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நூற்றுக்கும் மேல் துணுக்குகள். ஒரு துணுக்கு, கம்பெனியைத் திட்டி எழுதியது. அதையும் அளந்துவிட்டுக் கேட்டேன்: “ஏண்டி, திட்டினதுக்கும் லாபக் கணக்கா?”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “அம்மா, இதைத்தான் 2010-ல பார்ஸிலோனாவுல உலகத்துப் பெரிய ஆளுங்க எல்லாம் கூடிப் பேசினாங்க. இந்தக் கணக்கு மதிப்பே இல்லைன்னு அறிவிச்சாங்க. ஆனா இன்னமும் போட்டுக்கிட்டேதான் இருக்காங்க” என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்?

டிசம்பர் நாலாம் தேதி மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, காலேஜுக்கு லீவு. ஊரே தவித்துக் கொண்டிருந்தபோது என் பெண் இரண்டு நாள் தூங்கினாள்! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஆறு மாசமாக இந்தப் பெண் தூங்கவே இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஜனவரியில்தான் விஷயம் முற்றிற்று. குழந்தை உணவு விற்கிற ஒரு கம்பெனிக்கு, இளம் தாய்மார்களை ஓட்டலுக்கு அழைத்து ஒரு விழா. கைப்பையில் இலவச டப்பா. ஆறு மாசக் குழந்தைக்கு எது சிறந்தது என்று பேச ஒருவர். அழைப்பும் செய்திக் குறிப்பும் எழுதும் வேலை இவளிடம் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்குப் பரணில் ஏறிப் பழைய நோட்டைத் தேடினாள். “என்னடி?” என்றால், “முதல் வருஷம் நான் ஒரு செமினார் கொடுத்தேனே, அது” என்கிறாள்.

கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் பவுடராலும் கழுவாத புட்டியாலும் ஏழை நாடுகளில் குழந்தைகள் நோயில் விழுந்ததும், 1970-களில் உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும், 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தில் இதற்கென்று விதிமுறை வகுத்ததும் அந்த நோட்டில் இருந்தன. நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், டப்பா உணவு, பால் புட்டி எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது. தாய்மாருக்கு இலவச சாம்பிள், பரிசு கொடுக்கக் கூடாது. இளம் தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். எனக்கு 2001-ல் தெரியாது. இந்தப் பெண்ணுக்கே நாலாவது மாசம், ‘பால் பத்தலை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புட்டிப் பால் கொடுத்து, பேதியாகி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதை அன்று ராத்திரிதான் அவளிடம் சொன்னேன்.

இந்தத் தொழிலின் கதையையே அவள் அப்போது சொன்னாள். அமெரிக்காவில் எட்வர்ட் பெர்னேஸ் என்று ஒருவர். 1923-ல் நியூயார்க் பல்கலைக் கழகத்தில் முதன்முதலில் இந்தப் பாடத்தை நடத்தியவர். அவரே 1929-ல் ஒரு சிகரெட் கம்பெனிக்காக, ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலை என்று பத்திரிகைகளில் வர வைத்தாராம்! பின்னாளில் புகை பிடிப்பதை எதிர்த்தும் அவர் வேலை செய்தார், 1995-ல் காலமானார். அவர் மனைவி டோரிஸ் ஃப்ளைஷ்மன் பத்திரிகையில் வேலை பார்த்தவர், அந்த ஆபீஸில் சரிபாதிப் பங்காளி. ஊருக்குத் தெரிந்தது கணவர் பெயர்தான். இதைக் கேட்டு மாமியார், “அங்கேயும் அப்படித்தானா?” என்றார்.

மறுநாள் அவள் மேலதிகாரியிடம் சட்டத்தின் பிரதியோடு போய், “இதை என்னால எழுத முடியாது, கம்பெனிக்கும் இது ஆபத்து” என்று சொல்லியிருக்கிறாள். சேர்ந்து எட்டு மாசம் ஆன, அரை நாள் வேலை பார்க்கிற பெண்! அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “காலேஜ் வேற, ஆபீஸ் வேற” என்றாராம். இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. அந்தக் கம்பெனி வேலையை இவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ராத்திரி என் மடியில் படுத்து அழுதாள். வேலை போய்விடும் என்று நான் நிச்சயமாக நினைத்தேன்.

விழா நடக்கவில்லை. யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை; ஒரு வார்த்தை பாராட்டும் இல்லை. ஆனால் பிப்ரவரியில் வேறொரு செய்திக் குறிப்பை அதே அம்மாள் அவள் மேஜையில் வைத்து, “இதுல ஏதாவது தப்பு வருமா, பார்த்துச் சொல்லு” என்றாராம்.

‘எதுக்கு எம்.ஏ.?’ என்று கேட்டவர் இவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே கடைசி செமஸ்டர் பரீட்சைப் பணத்தைக் கட்டி, ரசீதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார். மார்ச் வந்தது, எதை விடுவது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் மத்தியான வகுப்பு வாய்க்காது. உங்கள் பெண் முழு நேர வேலையில் இருந்தால் தபால் வழியிலும் இதைப் படிக்கலாம். 1985-ல் ஆரம்பித்த இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் இதழியல், வெகுஜனத் தொடர்புப் படிப்பில் எம்.ஏ. இருக்கிறது, இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், முடியாதவர்கள் நாலு வருஷம் வரை எடுத்துக் கொள்ளலாம். எங்கே சேர்ந்தாலும், சேருகிற அந்த வருஷத்துக்கு, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தபால் வழியில் வருகைப் பதிவுத் தொல்லை குறைவுதான். ஆனால் பரண் ஏறித் தேடுவதற்கு ஒரு செமினார் நோட்டு அதில் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கூட உட்கார்ந்து வாதாட நாலு பேர் இருந்ததால்தான் அந்த நோட்டு எழுதினாள் என்கிறாள் என் பெண்.

2024 மே மாதம் வைவா முடிந்தது. முதல் வகுப்புதான், ராங்க் எல்லாம் இல்லை. ஜூனிலிருந்து அதே ஆபீஸில் முழு நேரம் பார்க்கிறாள். காலை ஏழு மணிப் பத்திரிகை வேலைக்கு இப்போது வேறொரு காலேஜ் பெண் வருகிறாள். அந்தப் பெண் பன்னிரண்டரைக்கு எழுந்திருக்கிறாளா என்று கடிகாரத்தைப் பார்ப்பது என் மகள்தானாம்.

போன மாசம் ஒரு வரன் வீட்டார் வந்திருந்தார்கள். “பொண்ணு என்ன வேலை?” என்று பையனின் அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இட்லி மாவில் ஆரம்பித்துவிட்டார். மாவு புளித்திருந்தால் என்ன செய்வது என்பது வரை முழுசாகச் சொல்லித்தான் நிறுத்தினார். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், அவசரமில்லை.

கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12.1. மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே என் பெயரையும் எழுதியிருக்கிறாள் அவள். என்னுடையதையும் பார்க்க வேண்டுமாம்.